பானைக்கு அளவிருக்கு, கோப்பைக்கு?

"ஒரு நேரத்துக்கு எவ்வளவு சோறு சாப்பிடுவியள்?" என்று எங்களில் யாரைக் கேட்டாலும் வருகிற பதில்கள் நாலைந்துதான். "கொஞ்சம்." "அளவாத்தான்." "ஒரு கோப்பை." "வயிறு நிறைய." அதே ஆளிடம் "வீட்டில உலைக்கு எவ்வளவு அரிசி போடுறது?" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு "மூண்டு சுண்டு" என்று சொல்வார்கள். ஆள் கூடினால் ஒரு சுண்டு கூட, ஆள் குறைந்தால் அரைச் சுண்டு குறைய. பானைக்குள் எவ்வளவு போகுது என்பது எங்கட வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பானையிலிருந்து யாருடைய கோப்பைக்கு எவ்வளவு போகுது என்பது யாருக்கும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் ஒரு தராசு வாங்கினோம். சாப்பாட்டை நிறுத்துச் சாப்பிடுவது என்றால் உடனே ஞாபகம் வருவது உடம்பைக் குறைக்கிறவர்கள்தான். ஜிம்முக்குப் போகிற பெடியள், கலியாணத்துக்கு முதல் மெலிய வேண்டும் என்று நெருக்கப்படுகிற பெட்டையள். நாங்கள் நிறுக்கத் தொடங்கிய காரணம் வேறு. நிறுத்தபோது கண்டதும் வேறு.

நாங்கள் நாலு பேர். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை எடுத்து இருக்கிறோம். ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி ஹற்றன் பக்கம், ஒருத்தி மன்னார். இரண்டு பேர் வேலை, இரண்டு பேர் படிப்பு. எங்களில் ஒருத்திக்கு (யார் என்று இங்கே எழுதப் போவதில்லை) கொஞ்ச நாளாகப் படியேறினால் மூச்சு வாங்கியது. இரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 9.6. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டொக்டர் இரும்புச்சத்துக் குளிசை எழுதிப்போட்டு, "என்ன சாப்பிடுறனீங்கள்?" என்று கேட்டார். "எல்லாம் சாப்பிடுறனான்" என்று சொல்லியிருக்கிறாள். அது உண்மை. இறைச்சி, மீன், பருப்பு, கீரை எல்லாமே அவளுடைய வாரத்தில் எங்கேயோ ஒரு நாள் இருக்கும். அடுத்த கேள்விக்குத்தான் பதில் இருக்கவில்லை. "எவ்வளவு?"

அடுத்த சனிக்கிழமை புறக்கோட்டையில் பேரம் பேசி ஒரு டிஜிற்றல் தராசு வாங்கினோம். ஐந்து கிலோ வரைக்கும் ஒவ்வொரு கிராமாகக் காட்டும். நிறுக்கத் தொடங்க முதலே மூன்று விதி எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒன்று, உணவை மட்டும்தான் நிறுப்பது, எங்களை நிறுப்பதில்லை. இரண்டு, இன்னொருத்தியின் கோப்பையைப் பார்த்து "கூட" என்று சொல்லக்கூடாது. மூன்று, இரண்டு கிழமை முடிந்ததும் தராசு அலுமாரிக்குள் போய்விடும். இந்த மூன்றாவது விதி ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறோம்.

முதலில் நிறுத்தது மத்தியானச் சோற்றுப் பார்சல். கொழும்பில் அறை எடுத்து இருக்கிற எல்லாருக்கும் பார்சலைத் தெரியும். லஞ்ச் சீற்றை விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து வைத்தோம். சோறு 480 கிராம். பருப்பு 65. வெண்டிக்காய் 40. கீரைச் சம்பல் 15. குழம்பு 30. கோழித்துண்டு 60, அதில் எலும்பைக் கழித்தால் இறைச்சி 36. மொத்தம் 690 கிராம். கையில் தூக்கும்போது நல்ல பாரமான, திருப்தியான பார்சல். அந்தப் பாரத்தில் பத்தில் ஏழு பங்கு சோறு.

சோறு கூடாத சாமான் இல்லை. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறக்குறைய 130 கிலோகலோரி சக்தியும் 2.7 கிராம் புரதமும் இருக்கு. 480 கிராமுக்கு 13 கிராம் புரதம் அதிலேயே வந்துவிடும். கோழியில் ஒரு 10 கிராம். தண்ணிப் பருப்பில் 3. மற்றதையும் சேர்த்தால் முழுப் பார்சலுக்கு 27 கிராம் அளவில் வரும். மோசமில்லை.

பிரச்சினை என்னவென்றால், முழுப் பார்சலை எங்களில் யாரும் சாப்பிடுவதில்லை. இரண்டு பேருக்கு ஒரு பார்சல். 2022 இல் தொடங்கிய பழக்கம் அது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது, ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு 195 ரூபா. பார்சல் விலை ஏறியது, சம்பளமும் வீட்டுக் காசும் ஏறவில்லை, நாங்கள் பாதி பாதியாகப் பிரித்தோம். பிறகு விலை ஏறுகிற வேகம் குறைந்தது, பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. "பெட்டையளுக்கு ஒரு பார்சல் பெரிசுதானே" என்று கடைக்கார அண்ணாவும் சொல்வார், நாங்களும் சொல்வோம்.

9.6 காரியின் ஒரு நாளைக் கடதாசியில் எழுதினோம். காலையில் ஒரு பணிஸும் பிளேன்ரீயும்: புரதம் 5 கிராம். மத்தியானம் அரைப் பார்சல்: 13 அல்லது 14. இரவு கால் றாத்தல் பாணும் சம்பலும்: 9 அல்லது 10. மொத்தம் 28. வளர்ந்த ஒருவருக்கு உடல்நிறையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து சொன்ன கணக்கு. அவளுடைய 51 கிலோவுக்கு அது 42 கிராம். மூன்றில் ஒரு பங்கு குறைய. ஒரு நாளும் அவள் பசியோடு படுத்ததில்லை. வயிறு நிறைந்துதான் இருந்தது. நிறைந்த வயிறு எதனால் நிறைந்தது என்று சொல்லாது.

அன்றைய நாளின் மொத்தச் சக்தி 1,200 கிலோகலோரிக்குக் கிட்ட. அதில் இன்னொரு சங்கதி கிடந்தது. தேத்தண்ணி. எங்கட கரண்டியில் தலைதட்டிப் போட்டால் சீனி 4 கிராம். நாங்கள் யாரும் தலைதட்டிப் போடுவதில்லை. குவித்துப் போடும் கரண்டி 7 கிராம். கப்புக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு நாலு தேத்தண்ணி: 56 கிராம் சீனி, 224 கிலோகலோரி. சேர்க்கிற சீனி மொத்தச் சக்தியில் பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. அவளுக்கு அது ஐந்தில் ஒரு பங்கை நெருங்கியது. வேலைக்குப் போக அவளுக்குத் தெம்பு தந்துகொண்டிருந்தது சோறும் பாணும் மட்டுமில்லை, சீனித் தேத்தண்ணியும்தான்.

தேத்தண்ணி இன்னொரு வேலையும் செய்யும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலையில் உள்ள பொருட்கள் குறைக்கும். சாப்பாட்டோடு தேசிக்காய் புளிந்தாலோ கொய்யா சாப்பிட்டாலோ அது கூடும். மாதவிடாய் வருகிற வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும், அதே வயது ஆணுக்கு 8 போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்படுகிறவளுக்குத்தான் "பெட்டையளுக்கு அரைப் பார்சல் காணும்". சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ வேறு.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம் போலிருந்தால், நாங்கள் செய்த விதத்தைச் சொல்கிறோம். பெரிய வித்தை இல்லை.

தராசைச் சமமான இடத்தில் வைக்க வேண்டும். மெத்தையில் வைத்தால் பொய் சொல்லும். வெறும் கோப்பையை வைத்து, பூச்சியமாக்கும் பொத்தானை அமத்தி, சோற்றைப் போட்டு நிறையை எழுதி, திரும்பப் பூச்சியமாக்கி, கறியைப் போட வேண்டும். மீன், கோழி என்றால் சாப்பிட்டு முடித்து முள்ளையும் எலும்பையும் நிறுத்துக் கழிக்க வேண்டும். தராசில் சந்தேகம் வந்தால், மூடி திறக்காத 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலை நிறுத்து, பிறகு வெறும் போத்தலை நிறுத்துக் கழித்துப் பாருங்கள். 500க்குக் கிட்ட வரவேண்டும்.

பச்சை நிறையா, சமைத்த நிறையா என்று எழுதாமல் விட்டால் கணக்கு முழுக்கக் கவிழ்ந்துவிடும். 100 கிராம் அரிசி தண்ணீரைக் குடித்து 250 தொடக்கம் 300 கிராம் சோறாகும். 100 கிராம் அரிசியில் 350 கிலோகலோரிக்குக் கிட்ட இருக்கு, 100 கிராம் சோற்றில் 130. அரிசிக் கணக்கைச் சோற்றுக்குப் போட்டால் நீங்கள் யானை மாதிரிச் சாப்பிடுகிறீர்கள் என்று வரும்.

கூட்டுக்கறிக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேணும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வைத்த பருப்பை உதாரணமாகச் சொல்கிறோம். வெறும் சட்டியின் நிறையை முதலே எழுதி வைத்தோம். பச்சையாக மைசூர்ப் பருப்பு 200 கிராம், தாளிக்க எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி (அதுவே 14 கிராம், 120 கிலோகலோரி), தேங்காய்ப்பால். கறி இறக்கியதும் சட்டியோடு நிறுத்து, சட்டியைக் கழித்தால் 780 கிராம். 200 கிராம் பருப்பில் 48 கிராம் புரதம். அப்படியென்றால் 100 கிராம் பருப்புக்கறியில் 6 கிராம். இதை ஒருமுறை கண்டுபிடித்தால் போதும், அடுத்த முறை சட்டியைப் பார்த்தே சொல்லலாம். பார்சல் பருப்பு ஏன் பருப்புத் தண்ணி என்று அழைக்கப்படுகிறது என்பதும் விளங்கும்.

ஃபோனில் இறக்குகிற செயலிகள் எங்களுக்குப் பெரிதாக உதவவில்லை. அதில் எல்லாம் "கப்". அது 240 மில்லிலீற்றர் பிடிக்கிற அமெரிக்கக் கப். எங்கட தேத்தண்ணிக் கப்பைத் தண்ணீர் விட்டு அளந்தால் 160. இடியப்பம் என்று தேடினால் ஐந்தாறு பேர் ஐந்தாறு விதமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள், எது யாருடைய இடியப்பம் என்று தெரியாது. எங்கட தெருமுனைக் கடையில் ஒரு இடியப்பம் 26 கிராம். மன்னார்க்காரியின் வீட்டில் அதே இடியப்பம் 40. "ரெண்டு இடியப்பம் போதும்" என்று மன்னாரில் சொல்வதும் வெள்ளவத்தையில் சொல்வதும் ஒன்றில்லை. சுகாதார அமைச்சின் போசணைப் பிரிவு வெளியிட்ட உணவு வழிகாட்டல் கப், கரண்டி என்று வீட்டுப் பாத்திரங்களில் கணக்குச் சொல்கிறது. அதைப் பாவிப்பது லேசு. ஆனாலும் உங்கட கப் எவ்வளவு பிடிக்கும் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

சித்திரை லீவுக்கு எல்லாரும் ஊருக்குப் போனோம். இருந்தது ஒரு தராசு என்பதால், ஊர்க்கடைகளில் கடன் கேட்டும் சொந்தக்காரரிடம் இரவல் வாங்கியும் ஆளுக்கொரு தராசு தேடிக்கொண்டோம். பார்சலைப் பிரித்துப் பார்த்த எங்களுக்கு வீட்டுப் பானையையும் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

யாழ்ப்பாணத்து வீட்டில் அன்று மூன்று சுண்டு அரிசி. சுண்டு என்பது அந்த வீட்டில் பழைய ரின்பால் பேணி. தலைதட்டினால் 246 கிராம். சமைத்துச் சோறு 2,050 கிராம். அண்ணாவின் கோப்பைக்கு 560. அப்பாவுக்கு 480. தம்பிக்கு 470. லீவில் வந்த பிள்ளை என்று எங்களுடையவளுக்கு அம்மா வற்புறுத்திப் போட்டது 300. எல்லாரும் எழும்பிய பிறகு பானையில் 240 கிராம் இருந்தது. அம்மா 150 போட்டுக்கொண்டு மிச்சத்துக்குத் தண்ணி ஊற்றி வைத்தார். காலையில் பழஞ்சோறு.

"என்ன, என்னையும் நிறுக்கப் போறியோ?" என்று சிரித்தார். அம்மாவின் கோப்பையில் இருந்த மீன் தலைத்துண்டு. அந்த வீட்டில் எல்லாரும் சொல்வார்கள், அம்மாவுக்குத் தலைத்துண்டுதான் விருப்பம் என்று. முள்ளை நிறுத்துக் கழித்தபோது தசை 11 கிராம்.

"அம்மா, நடுத்துண்டு விருப்பமில்லையோ?"

"அது உங்களுக்கல்லோ பிள்ளை."

அதற்குப் பிறகு அவள் எதையும் நிறுக்கவில்லை. எங்களுக்கு ஃபோனில் அந்த எண்ணை மட்டும் அனுப்பினாள். 11. வேறு விளக்கம் எழுதவில்லை. எங்களுக்கும் தேவைப்படவில்லை. எங்கள் ஒவ்வொருவரின் வீட்டிலும் ஒரு தலைத்துண்டு இருக்கிறது.

ஹற்றன்காரியின் அம்மா கொழுந்து பறிப்பவர். மலைக்கு இரண்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் ஒரு போத்தல் சாயத்தண்ணியும் கொண்டு போவார். மகள் நிறுத்தபோது ரொட்டி ஒன்று 105 கிராம், சம்பல் 20. தராசைக் கண்டதும் அவர் சொன்னதை மகள் அப்படியே எங்களுக்குச் சொன்னாள்: "நாளெல்லாம் கொழுந்த நிறுக்கிறாங்க. தண்ணிக்குக் கொஞ்சம், சாக்குக்குக் கொஞ்சம்னு கழிச்சுக்கிறாங்க. ஒரு கிலோ கொறைஞ்சாலும் பேருக்கு நேரா எழுதிருவாங்க. நா என்னத்த சாப்புட்டேன்னு நிறுத்துப் பாக்க நீதான் வந்திருக்க." கோதுமை மாவில் புரதம் இருக்கு, தேங்காய்ப்பூவில் சக்தி இருக்கு. ஆனால் மலை ஏறி இறங்கி நாள் முழுக்க நிற்கிற ஒரு உடம்புக்கு, மாவையும் சீனியையும் தவிர அன்று பகல் போனது எதுவுமில்லை.

மட்டக்களப்பில் நடந்தது எங்களுக்குச் சந்தோசமான சங்கதி. அம்மம்மாவுக்குத் தராசு பிடிக்கவில்லை. "என்னகா இது, சோத்துக்குத் தராசா?" என்று அகப்பையால் போட்டுக்கொண்டே இருந்தார். போட்ட ஐந்து அகப்பையையும் பேத்தி அவருக்குத் தெரியாமல் தனித்தனியே நிறுத்தாள். 118, 121, 116, 120, 119. ஐம்பது வருடம் சோறு போட்ட கை ஐந்து கிராமுக்குள் நிற்கிறது. துல்லியம் தராசில் மட்டும் இருக்கிற சாமான் இல்லை என்பது அன்று விளங்கியது. அந்த அகப்பையை ஒருமுறை நிறுத்துத் தெரிந்துகொண்டால் பிறகு தராசு வேண்டாம். இரண்டு அகப்பை 240 கிராம், முடிந்தது கணக்கு.

அளவு எங்கட நாட்டுக்குப் புதிசில்லை. 1953 இல் கூப்பனுக்குக் கொடுத்த அரிசியின் விலையை ஒரு கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது ஓகஸ்ட் 12 இல் நாடே ஹர்த்தாலில் இறங்கியது. அந்த வருடமே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஒரு கொத்து அரிசி அரசாங்கத்தின் கழுத்தைப் பிடித்த காலம் அது. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை, சங்கக்கடை வரிசை, குடும்ப அட்டைக்கு நிறுத்துக் கொடுத்த நிவாரணம். 2009 இல் ஒரு சுண்டு அரிசி எத்தனை பேருக்குக் கஞ்சியாகும் என்று கணக்குப் போட்டவர்கள் எங்கட அம்மாமார். அந்தக் கணக்கில் தங்களைக் கடைசியாக எண்ணிப் பழகியவர்கள், சோறு தாராளமாகக் கிடைக்கிற இன்றைக்கும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

பிறந்து ஐந்து வயது வரைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் எங்களையும் நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்து, கோடு மேலே போகுதா கீழே போகுதா என்று பார்த்திருக்கிறார். நிறை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் திரிபோஷா கொடுக்கிற திட்டம் 1973 இலிருந்து இருக்கிறது. பிள்ளை ஐந்து வயதைத் தாண்டியதும், தாய் பால் கொடுத்து முடித்ததும், அந்தக் கவனம் நின்றுவிடுகிறது. இடைப்பட்ட காலம் முழுக்க, அதாவது எங்கட வயது முழுக்க, "சாப்பிட்டியா?" என்ற கேள்வி மட்டும்தான். எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

விற்கிற சாமானுக்கு அளவுண்டு. 2024 இல் நுகர்வோர் அதிகாரசபை ஒரு றாத்தல் பாண் 450 கிராம், அரை றாத்தல் 225 கிராம் என்று வர்த்தமானியில் அறிவித்தது. நாங்கள் வாங்கிய ஒரு பாணை நிறுத்தபோது 418. அதைக் கேட்க ஒரு சட்டமாவது இருக்கிறது. கொழுந்துக்கு அளவிருக்கு, பாணுக்கு அளவிருக்கு, நிவாரணத்துக்கு அளவிருக்கு. கடைசியாகச் சாப்பிடுகிற ஆளின் கோப்பைக்கு ஒரு வர்த்தமானியும் வராது. அது வீட்டுக்குள் நாங்கள் பார்க்க வேண்டிய கணக்கு.

இனி அந்த மூன்றாவது விதி. தராசு ஒரு கெட்ட சிநேகிதமாகவும் மாறலாம். எங்களோடு படித்தவர்களில் இரண்டு மூன்று பேர் அந்தப் பக்கம் போனதைப் பார்த்திருக்கிறோம். முதலில் சோறு, பிறகு தேங்காய், பிறகு பிறந்தநாள் கேக், கடைசியில் கோயில் பொங்கலைக்கூட எண்ணாமல் வாயில் வைக்க முடியாத நிலை. அவர்களைச் சுற்றி இருந்தவர்கள் "நல்லா மெலிஞ்சிட்டாய்" என்று பாராட்டிக்கொண்டே இருந்தார்கள். உங்களுக்கு அப்படி ஒரு கரைச்சல் ஏற்கெனவே இருந்திருந்தால், சாப்பிடப் பயமாக இருந்தால், தராசைத் தொட வேண்டாம், ஒரு டொக்டரிடம் கதையுங்கோ. மற்றவர்களுக்கும் இரண்டு கிழமை தாராளம். அதற்குள் உங்கட அகப்பை எவ்வளவு, கரண்டி எவ்வளவு, கப் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் கிராம் கிராமாய்ப் பார்ப்பதில் பெரிய பிரயோசனமும் இல்லை. ஒரு கோழித்துண்டு மற்றதைப் போல இருக்காது, அட்டவணைகளில் உள்ள எண்களும் சராசரிதான். பார்சல் கட்டுகிற அண்ணாவின் கை ஒவ்வொரு நாளும் வேறு. நாளைக்கு 41 ஆ 43 ஆ என்று மண்டையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை. 28 ஆ 42 ஆ என்று தெரிந்தால் போதும்.

அந்த 14 கிராமை எங்கே பிடிப்பது என்று கணக்குப் பார்த்தபோது அது அவ்வளவு தூரத்தில் இருக்கவில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். அவித்த கௌப்பி 100 கிராமில் 8 கிராமுக்குக் கிட்ட. 28 உடன் இரண்டையும் கூட்டினால் 42. இரவில் கௌப்பியோ கடலையோ பயறோ ஊறப் போடுகிறோம், விடிய றைஸ் குக்கரில் அவித்து, கொஞ்சம் தேங்காய்ப்பூவும் உப்பும் தூவி நாலு பேரும் சாப்பிடுகிறோம். வீட்டுக்கார அன்ரி அறையில் மீன் சமைக்க விடமாட்டா, கௌப்பிக்கு ஒன்றும் சொல்வதில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுகிறோம். கரண்டியைத் தலைதட்டுகிறோம். மூன்று பார்சலை நாலாகப் பிரிக்கிறோம். முழுதாக நாலு வாங்க இன்னும் காசு காணாது, அதை மறைக்கத் தேவையில்லை. தராசு பார்சலின் விலையைக் குறைக்காது.

மூன்று மாதம் குளிசையும் போட்டு இப்படிச் சாப்பிட்டபின் அவளுடைய ஹீமோகுளோபின் 11.4. எவ்வளவு குளிசையால், எவ்வளவு கௌப்பியால் என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் தராசு இல்லை. படியேறும்போது இப்போது கதைத்துக்கொண்டே ஏறுகிறாள்.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. தராசு வாங்கத் தேவையில்லை, ஒரு நாளைக்கு இரவல் எடுங்கள். உங்கட கோப்பையை நிறுக்க முதல், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற ஆள் யார் என்று பாருங்கள். அவருடைய கோப்பையை நிறுங்கள். எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், ஒரு ஆளுக்கும் புத்தி சொல்லாதீர்கள். அடுத்த நாள் மத்தியானம் அகப்பையை நீங்கள் வாங்கி, முதல் கோப்பையை அவருக்குப் போடுங்கள். நடுத்துண்டை வைத்துப் போடுங்கள்.